கரை நாடாவும் ஜான் டூயியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் ஞாயிறு மாலைகளில் கூடிப் படிப்பது எங்கள் வழக்கம். ஐந்து பேர் என்று கணக்கு; முகூர்த்த நாளானால் இருவர் குறைவர். எங்களுள் ஒருவர் கல்லூரி ஆசிரியர், ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுபவர். நாவல்களிலும் கவிதைகளிலும் தொடங்கிய வாசிப்பு மெல்லத் தத்துவத்தின் பக்கம் சாய்ந்தது. இவ்வாண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், விமர்சனக் கோட்பாட்டுக்கும் நடைமுறைவாதத்துக்கும் இடையிலான உறவு. இதைக் கேள்விப்பட்ட தெருக்காரர் ஒருவர், "பட்டு விக்கிற ஊருல இது எதுக்குங்க?" என்று கேட்டார். அன்று சிரித்து மழுப்பினோம். இக்கட்டுரை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முதலில் சொற்களைப் பற்றி. இவ்விரண்டுமே தமிழில் நம்மைத் திசைதிருப்பக்கூடியவை. விமர்சனம் என்றவுடன் திரைப்படத்துக்கு மதிப்பெண் போடுவது நினைவுக்கு வருகிறது. நடைமுறை என்றாலோ, "அதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது" என்று பெரியவர்கள் நம் வாயை அடைத்த வாசகம் காதில் ஒலிக்கிறது. அவ்வாசகத்தைச் சொல்பவர் இருப்பதைக் காப்பாற்ற நினைப்பவர். அமெரிக்க நடைமுறைவாதிகள் சொன்னதோ ஏறத்தாழ அதற்கு நேர்மாறு. ஒரு கருத்தின் பொருள் அதை ஏற்று நடப்பதால் விளையும் வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது என்று 1878ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் சார்லஸ் பர்ஸ் தொடங்கிவைத்தார். வில்லியம் ஜேம்ஸ் 1907இல் வெளியிட்ட நூலால் அதை ஊரறியச் செய்தார். ஜான் டூயி அதைப் பள்ளிக்கூடத்துக்கும் மக்களாட்சிக்கும் கொண்டுவந்தார். செய்து பார், விளைவைக் கவனி, கருத்தைத் திருத்து, மறுபடியும் செய். இதுவே அவர்களது போக்கு.

விமர்சனக் கோட்பாடு வேறொரு வீட்டுப் பிள்ளை. பிராங்பர்ட்டில் 1923இல் தொடங்கப்பெற்ற சமூக ஆய்வு நிறுவனம் அதன் பிறந்தகம். அதன் இயக்குநராக இருந்த மாக்ஸ் ஹோர்க்ஹைமர் 1937இல் எழுதிய கட்டுரையில் இரு வகைக் கோட்பாடுகளைப் பிரித்துக் காட்டினார். உலகை உள்ளது உள்ளபடி விளக்குவதோடு நின்றுவிடுவது மரபுக் கோட்பாடு. விளக்க வந்தவனையும் அவன் கையிலுள்ள அளவுகோலையும்கூட அதே சமூகம்தான் உண்டாக்கியது என்பதை மறவாமல், அச்சமூகத்தின் அநீதியிலிருந்து விடுபடும் நோக்கோடு ஆராய்வது விமர்சனக் கோட்பாடு.

வரலாறு இவ்விரு குடும்பங்களையும் ஒரே வளாகத்தில் குடிவைத்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பிராங்பர்ட் நிறுவனம் ஜெனீவாவுக்குச் சென்று, 1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அடைக்கலம் பெற்றது. டூயி 1904 முதல் கால் நூற்றாண்டுக் காலம் பாடம் நடத்திய இடம் அது. ஆனால் அண்டை வீட்டார் நண்பர்களாகிவிடவில்லை. 1944இல் அதே கொலம்பியாவில் ஹோர்க்ஹைமர் ஆற்றிய உரைகள் 1947இல் நூலாயின. பகுத்தறிவுக்குப் பிடித்த கிரகணம் என்னும் பொருள்பட்ட தலைப்பு கொண்ட அந்நூலில் நடைமுறைவாதம் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. வழி சரியா என்று கணக்குப் பார்க்கும் அறிவு, போய்ச் சேரும் ஊர் சரியா என்று கேட்க மறந்துவிட்டது. பலித்ததே உண்மை என்றாகிவிட்டால் வென்றவன் சொல்வதே உண்மையாகிவிடும் என்பது அவர் வழக்கின் சாரம்.

டூயியின் தரப்பிலும் வாதம் உண்டு. இலக்கு ஒருபுறமும் வழி மறுபுறமுமாக அவர் பிரித்துவைக்கவில்லை. நடக்க நடக்க வழி இலக்கையும் மாற்றும்; ஆகவே இலக்குகளும் ஆய்வுக்கு உட்பட்டவையே என்று 1939இல் மதிப்பீடு பற்றி எழுதிய சிறுநூலில் விளக்கியிருக்கிறார். எனினும் அவர் சறுக்கிய இடமும் உண்டு. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதை அவர் ஆதரித்தபோது, அவர் எழுத்தில் ஊறி வளர்ந்த ராண்டால்ஃப் போர்ன் என்னும் இளைஞர், 1917இல், குருவின் தத்துவம் கருவிகளைக் கூர்தீட்டத்தான் கற்றுத்தந்தது, எதை வெட்டுவது என்று கற்றுத்தரவில்லை என்ற பொருளில் கடுமையாக எழுதினார். ஹோர்க்ஹைமருக்குப் பல ஆண்டுகள் முன்பே அக்குற்றச்சாட்டு வீட்டுக்குள்ளிருந்தே எழுந்துவிட்டது.

இதுவரை படித்தபோது எங்கள் திண்ணை இரண்டாகப் பிரிந்தது. கல்லூரி ஆசிரியர் ஹோர்க்ஹைமர் பக்கம். "அமைப்பே அழுகிக் கிடக்கும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாய் ஒட்டுப்போடுவது அமைப்பின் ஆயுளை நீட்டிக்கும் வேலை" என்றார். வங்கி நண்பர் டூயி பக்கம். "முழுச் சமூகமும் மாறும்வரை காத்திருக்கச் சொல்வது வசதியுள்ளவன் சொல்கிற தத்துவம்" என்றார். இரண்டு வாரங்கள் இவ்வழக்கு நீண்டது. கணக்கெழுதும் நண்பர் இரண்டு வாரமும் பேசவில்லை. மூன்றாம் வாரம் தம் கதையைச் சொன்னார். அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறோம்.

அதற்கு முன் கோர்வையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். காஞ்சிப் பட்டின் பெருமைகளில் ஒன்று, உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக, இரண்டும் வேறு வேறு ஊடை நூலால் நெய்யப்பட்டு, சந்திக்குமிடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பது. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. ஒருபக்கக் கரை நாடாவை ஓட்ட, அவர் அருகே இன்னொருவர் உட்கார வேண்டும். ஒரு சேலைக்குப் பத்து நாளிலிருந்து இருபது நாள்வரை ஆகலாம். அத்தனை நாளும் அந்தக் கையாள் அங்கேயே இருக்க வேண்டும். வேலை கனமானதன்று, சின்னக் கை போதும். ஆகவே நெடுங்காலம் அந்தப் பலகையில் சிறுவர்களையே உட்காரவைத்தார்கள்.

நண்பர் அப்படி உட்கார்ந்தது 1992இல், ஒன்பது வயதில். அவர் தந்தை நோயில் விழுந்த சமயம். வேறு தெருவில் தறி வைத்திருந்த ஒருவரிடம் அம்மா இரண்டாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினார். கடன் தீரும்வரை பையன் கரை நாடா போட வேண்டும் என்பது பேச்சு. வாரக்கூலியில் ஒரு பகுதி கடனுக்குக் கழியும் என்றார்கள். தீபாவளிக்கும் அக்காவின் சடங்குக்கும் மேலும் வாங்கியதில் கழிந்தது மறுபடி ஏறியது. காலை ஆறு மணிக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. அடித்தார்களா என்று நாங்கள் கேட்டோம். "அடி பெரிசில்ல. தூக்கம்தான். கண்ணு சொக்கும், நாடா தப்பும், கோர்வை விட்டுப்போகும். அப்ப தலையில ஒரு குட்டு" என்றார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அவர் முன்பு படித்த பள்ளியின் ஆசிரியர் ஒருவர் வீடு தேடி வந்தார். தறிக்காரரிடம் மூன்று முறை நடந்து பேசினார். மீதிக் கடனை அம்மா மாதத் தவணையாகக் கட்டுவது, பையனை உடனே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. முதல் தவணையை ஆசிரியரே கொடுத்தார். பையன் மறுவாரம் பள்ளிக்குப் போனான். படித்தான், பட்டம் பெற்றான். இன்று எங்களோடு டூயி படிக்கிறான்.

"பாத்தீங்களா" என்று வங்கி நண்பர் தொடங்கினார். நண்பர் கையமர்த்தினார். "சார் செஞ்சது தெய்வம் செஞ்ச மாதிரி. அதுல ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு விஷயம் எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சுது. ஒண்ணு, அந்தக் கடனை எங்கம்மா கட்டியிருக்கவே வேண்டியதில்ல. இன்னொண்ணு, நான் எழுந்த பலகையில மறுநாளே வேற ஒருத்தன் உக்காந்துட்டான். அவன் பேரு எனக்குத் தெரியும்."

நாங்கள் நெடுநேரம் பேசவில்லை.

அவர் சொன்ன முதல் விஷயம் சட்டம். கொத்தடிமைத் தொழில்முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. உழைப்பைப் பிணையாக வைத்துத் தந்த கடன் அச்சட்டத்தின்படி செல்லாது. அதை வசூலிப்பதே குற்றம். அதாவது ஆசிரியர் பேசி முடித்த தவணை, சட்டத்தின் கண்ணில் இல்லாத கடனுக்கான தவணை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. நெசவு அதில் தடைசெய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் இருந்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தப்படும் பட்டறைகளுக்கு விலக்கும் இருந்தது. வீடே தறிக்கூடமாய் இருக்கும் ஊரில் அந்த விலக்கு எவ்வளவு அகலமான வாசல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி 2003இல் வெளியிட்ட அறிக்கையில், கர்நாடகம், வாரணாசி ஆகியவற்றோடு எங்கள் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பெற்றோரின் கடனுக்குப் பிள்ளை உழைப்பது, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் வேலை என்று அதில் விவரித்திருப்பவற்றுக்கும் நண்பர் திண்ணையில் சொன்னதற்கும் வேற்றுமை அதிகமில்லை.

இப்போது எங்கள் வழக்கை மறுபடி எடுத்துப் பார்த்தோம். ஆசிரியரின் வழி பலித்தது. ஐயமில்லை. ஒரு பையன் வெளியே வந்தான். ஆனால் யாருக்குப் பலித்தது? அடுத்துப் பலகையில் உட்கார்ந்தவனுக்குப் பலிக்கவில்லை. செல்லாத கடனைச் செல்லும் கடனாக அந்த ஏற்பாடு ஊருக்கு முன் உறுதிப்படுத்தவும் செய்தது. ஹோர்க்ஹைமர் அஞ்சியது இதைத்தான். அதே சமயம், கடனும் கூலியும் சாதியும் சந்தையும் சேர்ந்து பின்னிய முழு அமைப்பையும் மாற்றிய பிறகே பையனை மீட்பது என்றிருந்தால், நண்பருக்கு மீசை நரைக்கும்வரை கரை நாடாதான். விமர்சனக் கோட்பாட்டைப் படித்த எவரும் அந்த ஆசிரியர் போல மூன்று முறை நடக்கவில்லை.

இவ்விடத்தில் எங்களுக்கு டூயியின் பழைய நூலொன்று நினைவுக்கு வந்தது. அவர் 1896இல் சிகாகோவில் ஒரு பரிசோதனைப் பள்ளியைத் தொடங்கினார். 1899இல் வெளிவந்த நூலில் அங்கு நடந்ததை விவரிக்கிறார். பிள்ளைகள் கையில் பஞ்சையும் கம்பளி ரோமத்தையும் கொடுத்தார்கள். கம்பளித் தொழிலுக்குப் பிறகே பருத்தித் தொழில் ஏன் வளர்ந்தது என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறிந்தார்கள். கையால் கொட்டை நீக்க அரைமணி நேரம் உழைத்தும் ஓர் அவுன்சு பஞ்சுகூடத் தேறவில்லை. ஆகவே கம்பளியே முதலில் வென்றது என்பது அவர்களுக்கு விரலால் விளங்கியது. நூலைப் பிடித்துக்கொண்டே வரலாறு, புவியியல், இயற்பியல் என்று போய்வந்தார்கள்.

சிகாகோப் பிள்ளையின் விரலிலும் நூல், காஞ்சிப் பிள்ளையின் விரலிலும் நூல். ஒருவன் கையில் அது கேள்வி. மற்றவன் கையில் கடன். செய்து கற்றல் என்னும் சொற்றொடர் இவ்விருவருக்கும் பொருந்தும் என்று ஒருவர் சொல்லக்கூடும். சொல்லவும் செய்தார்கள்.

சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜாஜி 1953இல் தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். கிராமப்புறப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு, இரண்டு முறைகளாக. மிகுதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். பள்ளிகள் போதாது, ஆசிரியர்கள் போதாது, பணம் போதாது. இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டே இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அரசின் வாதம். வெள்ளைத்தாளில் போட்டுப் பார்த்தால் கணக்குச் சரியாகவே வருகிறது. ஆனால் பெரியாரும் அண்ணாவும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார்கள். அச்சொல் ஒன்றே விமர்சனக் கோட்பாடு செய்ய வேண்டிய வேலை முழுவதையும் செய்துவிட்டது. சாதி தொழிலைத் தீர்மானிக்கும் நாட்டில் அப்பன் தொழிலைக் கற்பது என்றால் அப்பன் சாதியைக் கற்பதுதான் என்பதைக் கணக்குப் போட்டவர் காணாதுபோனார். அல்லது கண்டும் பொருட்படுத்தாதுபோனார். திராவிட முன்னேற்றக் கழகம் 1953இல் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒருமுனை இத்திட்டத்துக்கு எதிரானது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். பின்வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

கதை அத்துடன் நின்றிருந்தால் அது விமர்சனத்தின் வெற்றிக்கதை மட்டுமே. ஆனால் பள்ளி போதாது, பணம் போதாது என்ற ராஜாஜியின் பிரச்சினை, திட்டத்தைக் கைவிட்டதால் தீர்ந்துவிடவில்லை. பசிக்கிற பிள்ளை வேலைக்குப் போவான் என்பதும் அப்படியே இருந்தது. காமராசர் காலத்தில் புதுப் பள்ளிகள் திறந்தார்கள். 1956இல் மதிய உணவு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இவை தத்துவ மொழியில் சொன்னால் டூயி பாணி நடவடிக்கைகள். செய்து, பார்த்து, திருத்தி, விரித்தவை. குலக்கல்வி என்று பெயர்சூட்டிய விமர்சனம் ஒரு பாதையை அடைத்தது. சோறு போட்ட நடைமுறை இன்னொரு பாதையைத் திறந்தது. முதலாவது இல்லையேல் இரண்டாவது எப்பக்கம் திறந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. அத்தனைக்குப் பிறகும் 1992இல் ஒரு பையன் தறியடியில் உட்கார்ந்தான் என்பதையும் நாங்கள் மறக்கவில்லை. மதியச் சோறு அவன் வயிற்றுக்குப் போதுமானது. அப்பாவின் மருந்துக்கும் அக்காவின் சடங்குக்கும் போதுமானதன்று.

மறுப்பவரும் இணக்கம் தேடுபவரும் எங்கள் ஊருக்குப் புதியவர்கள் அல்லர். 1925 நவம்பரில் இங்கு நடந்த தமிழ்நாடு காங்கிரசு மாநாட்டில்தான், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் பெரியார் வெளியேறினார். தலைமை வகித்தவர் திரு.வி.க. மேடையைவிட்டு இறங்கி நடப்பதும் ஒரு சிந்தனை முறை என்று அன்று தெரிந்தது. அப்போது இவ்வூர் நெசவாளர் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு வயது பதினாறு. அவன் பிற்காலத்தில் முதல்வர் அண்ணாவானான். புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களைப் பெரியார் பல்லாண்டுகள் நடத்திவைத்தார். சடங்கின் அதிகாரத்தை மறுத்த செயல் அது. ஆனால் நீதிமன்றத்தில் அத்திருமணங்கள் செல்லவில்லை. மனைவியின் உரிமையும் பிள்ளையின் உரிமையும் கேள்விக்குள்ளாயின. அண்ணாவின் அரசு 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து அத்திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. அதற்கு முன் நடந்தவற்றுக்கும் சேர்த்துத்தான். முதலில் மறுத்தவர் இன்றி அப்பிரிவுக்குத் தேவை பிறந்திராது. பிரிவை எழுதியவர் இன்றி மறுப்பின் விலையைப் பெண்களும் பிள்ளைகளுமே கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இவ்விரு போக்குகளையும் ஒரே மனிதர் தாங்கியதற்கு எடுத்துக்காட்டாக எங்களுக்குத் தோன்றுபவர் அம்பேத்கர். 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் படித்தபோது டூயியின் வகுப்புகளில் உட்கார்ந்தவர் அவர். 1936இல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, அழைத்தவர்களே பின்வாங்கியதால் பேசப்படாமல் நூலாக வந்த சாதி ஒழிப்பு உரையில், தம் ஆசிரியர் டூயிக்குத் தாம் பட்டிருக்கும் கடனை வெளிப்படையாகவே சொல்கிறார். அதை உடனடியாகத் தமிழில் வெளியிட முன்வந்தவர் பெரியார். அவ்வுரையில் அம்பேத்கர் செய்வது என்ன? பழையவற்றுள் எதைக் காப்பது, எதைக் கழிப்பது என்பதைச் சமூகம் ஆய்ந்து தீர்மானிக்க வேண்டும் என்னும் டூயியின் கருத்தை எடுத்துக்கொள்கிறார். ஆனால் ஆசிரியர் நிற்கும் இடத்தில் அவர் நிற்பதில்லை. டூயியின் மக்களாட்சி, ஒருவரோடொருவர் கலந்து பழகும் மக்களை நம்பியிருக்கிறது. கலந்து பழகுவதையே பாவமாக்கிவைத்த சமூகத்தில் அந்த நம்பிக்கைக்குத் தரை எங்கே? சாதி வேலைகளை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே ஏணிப்படிகளாக அடுக்குகிறது என்று அவர் காட்டியபோது, நடைமுறைவாதத்திடம் இல்லாத ஒரு கேள்வியை அதற்குக் கற்றுத்தந்தார். பின்னர் அவரே அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். முழு மாற்றம் வரும்வரை காத்திராமல் பிரிவு பிரிவாக, சொல் சொல்லாக எழுதினார். எழுதி முடித்த கையோடு, 1949 நவம்பரில், அரசியலில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாகத் தொடர்ந்தால் இக்கட்டடம் நிலைக்காது என்று எச்சரிக்கவும் செய்தார். தாம் செய்த வேலையையே விமர்சித்துக்கொண்டு செய்து முடிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஐரோப்பியக் குடும்பமும் பிற்பாடு சமாதானத்துக்கு வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பிராங்பர்ட் மரபின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஹாபர்மாஸ் 1968இல் எழுதிய நூலில் பர்ஸைப் பொருட்படுத்திப் படித்தார். அவருக்கு அடுத்து வந்த ஆக்சல் ஹொன்னெத் 1998இல் டூயியின் மக்களாட்சிக் கருத்தை, கூட்டுறவாகச் சிந்தித்துச் செயல்படுதல் என்று விளக்கி ஆதரித்தார். கூட்டுறவு என்னும் சொல்லைப் படித்ததும் சங்க நண்பர் புன்னகைத்தார். சங்கத்தில் எத்தனை கூட்டு, எத்தனை உறவு என்பது அவருக்குத்தான் தெரியும்.

நாங்கள் வந்துசேர்ந்த இடம் இதுதான். நடைமுறைவாதி ஒவ்வொரு முறையும் "பலித்தது" என்று சொல்லும்போது "யாருக்கு?" என்று கேட்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும். விமர்சகர் ஒவ்வொரு முறையும் "அமைப்பே தவறு" என்று சொல்லும்போது "சரி, நாளைக் காலை அந்தப் பையன் எங்கே போவான்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். இவ்விரு கேள்விகளையும் கேட்கும் தகுதி திண்ணையில் இருப்பவர்களைவிடப் பலகையில் இருப்பவருக்கே அதிகம். டூயியே 1927இல் பொதுமக்களைப் பற்றி எழுதிய நூலில், செருப்பு எங்கே கடிக்கிறது என்பதைத் தைப்பவரைவிட அணிபவரே நன்கறிவார் என்னும் கருத்தை வைத்தார். எங்கள் ஊரில் அது சற்று மாறும். சேலையைக் கட்டுபவருக்கு அது எங்கும் கடிப்பதில்லை. கடிப்பதெல்லாம் நெய்பவருக்கு.

மணிமேகலை இவ்வூருக்கு வந்த கதையை நாங்கள் பலமுறை படித்திருக்கிறோம். ஆனால் அதன் வரிசையை இம்முறைதான் கவனித்தோம். மழை பொய்த்துப் பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு அவள் வருகிறாள். அமுதசுரபியிலிருந்து எல்லோர்க்கும் உணவிடுகிறாள். அதற்கடுத்த காதையில்தான் அறவண அடிகள் அவளுக்கு அளவைகளையும், போலி வாதத்தை இனங்காணும் முறையையும் கற்பிக்கிறார். சோறு முன்னே, தருக்கம் பின்னே. ஆனால் சோற்றோடு காப்பியம் முடிந்துவிடவில்லை. உணவிட்ட கைக்குத் தருக்கமும் தேவைப்பட்டது. இவ்வரிசையை அமைத்த சாத்தனாருக்கு ஹோர்க்ஹைமரும் தெரியாது, டூயியும் தெரியாது.

இன்று எங்கள் தெருவில் கரை நாடா போடப் பிள்ளைகள் உட்காருவதில்லை. சட்டம், பள்ளி, ஆய்வுகள், வெளிச்சம் எல்லாம் சேர்ந்து செய்த நன்மை அது. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லா வேலைகளிலிருந்தும் விலக்கியது. எனினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்னும் விலக்கு அதிலும் தொடர்கிறது. பழைய வாசலைச் சிறிதாக்கினார்கள், மூடவில்லை. தறிகளும் குறைந்துவிட்டன. கையாள் கிடைக்காமல் கோர்வையில்லாச் சேலைகள் பெருகின. கலை அழிகிறது என்று வருந்துபவர்களைக் காண்கிறோம். அக்கலை எவ்வளவு காலம் யாருடைய தூக்கத்தைத் தின்று வாழ்ந்தது என்பதையும் சேர்த்து வருந்தினால் நல்லது. பெரியவருக்குரிய கூலி கொடுத்து ஒரு கையாளை அமர்த்த முடியாத விலையில்தான் கோர்வைச் சேலை வாழும் என்றால், நாம் காப்பாற்ற நினைப்பது கலையையா, பழைய விலையையா?

நண்பர் எழுந்த பலகையில் உட்கார்ந்த அந்தப் பையன் இப்போது நாற்பதை நெருங்குகிறார். பள்ளிக்குத் திரும்பவில்லை. நல்ல நெசவாளி, இன்று இப்பகுதியில் கோர்வை நெய்யும் சிலருள் ஒருவர். மனைவி கரை நாடா ஓட்டுகிறார். சென்ற மாதம் நண்பர் அவரைத் திண்ணைக்கு அழைத்துவந்தார். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். புறப்படும்போது புத்தகத்தைக் கையில் வாங்கிப் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "நல்லாத்தான் பேசுறீங்க. இதுல கூலியப் பத்தி எங்க வருது?"

எங்களிடம் பக்க எண் இல்லை. வரும் ஞாயிறு அக்கேள்வியிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். பாவு முடிந்தால் வருவதாக அவரும் சொல்லியிருக்கிறார்.